‘வேண்டாம்’ என்றொரு கட்டம்

டேனியல்,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. சற்று முன்புதான் உனக்கு மதியச் சாப்பாடு ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு வந்தேன், நலமாகத்தான் இருக்கிறாய். “அடுத்த ரூம்ல இருக்கிறவனுக்கு எதுக்கு லெட்டர்?” என்று உன் அப்பா கேட்டார். நேரில் சொன்னால் நான் பாதி சொல்லும்போதே நீ மடியில் இருக்கும் எழுத்துப் பலகையைத் தொட்டுப் பதில் காட்ட ஆரம்பிப்பாய். உன் பதில் பாதி வரும்போதே மீதியை நான் சொல்லிவிடுவேன். கடைசியில் இருவருமே நினைக்காத ஒன்றைப் பேசி முடித்ததாக எழுந்து போவோம். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நான் முடிக்கும்வரை நீ காத்திருந்தாக வேண்டும். அது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத்தான் தெரியாது, உனக்கு நன்றாகவே பழக்கம். கல்யாணம் முடிந்த பிறகு இதை யாருக்கு வேண்டுமானாலும் படிக்கக் கொடு. உன் பலகையைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் நம் சிட்லபாக்கத்தில் நிறையப் பேர். எழுத்துக் கூட்டத் தெரியாததால் வந்த வினை அல்ல அது. எல்லோரும் ரிட்டையர்டு ஆபீசர்கள்.

நாளைக் காலை உனக்கும் ரூபிக்கும் கல்யாணம். மாலையே நீங்கள் இருவரும் தாம்பரம் சானடோரியத்தில் உன் டெலிபோன் பூத்துக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறைக்குக் குடிபோகிறீர்கள். அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குச் சொல்ல இருப்பது என் மேசைமேல் இருக்கும் இரண்டு பொருள்களைப் பற்றி. ஒன்று, கோந்து பாட்டில். இன்னொன்று, நல்ல கெட்டியான பெரிய வெள்ளைத் தாள். இரண்டையும் சர்ச் கமிட்டிச் செயலாளர் நேற்று சாயங்காலம் தம் கையாலேயே கொண்டுவந்து கொடுத்தார். உன் பலகையின் கீழ் மூலையில் ‘வேண்டாம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, நீ சர்ச்சுக்குள் நுழையும் முன் அதன்மேல் இந்தத் தாளை அளவாக வெட்டி ஒட்டிவிட வேண்டும் என்பது கமிட்டியின் முடிவு. ஒட்டினால்தான் கல்யாணம். “சரிங்க சார்” என்று வாங்கி வைத்துக்கொண்டேன். உன்னிடம் இன்னும் சொல்லவில்லை. தாளைக் கையில் எடுக்கும்போதெல்லாம் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக வந்து எதிரில் உட்காருகிறார்கள். அவர்களை முதலில் அனுப்பிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உனக்கு நான்கு வயதானபோது பட்டணத்தில் ஒரு பெரிய டாக்டரிடம் உன்னைத் தூக்கிக்கொண்டு போனோம். கைகால் தன் இஷ்டத்துக்கு இழுக்கும், நாக்கு சொன்னபடி கேட்காது, ஆனால் காதும் புத்தியும் நன்றாக இருக்கின்றன என்றார். புத்தி இருப்பது எனக்கு முன்பே தெரியும். அவருடைய ஜோக்குகளுக்கு நீ சிரிக்கவில்லை. சிலேட்டில் டம்ளரும் தட்டும் வரைந்து வைத்தால் எது வேண்டுமோ அதைக் கை முட்டியால் தொட்டுக் காட்டுகிறான் என்று பெருமையாகச் சொன்னேன். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. “அதை முதல்ல தூக்கிப் போடுங்கம்மா. சிலேட்டுல பழகிட்டா வாய் சோம்பேறி ஆயிடும். அப்புறம் ஜென்மத்துக்கும் பேச மாட்டான்” என்றார். அவர் தடிமனான மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். கண் சோம்பேறி ஆகிவிடாதா என்று கேட்க எனக்கு அப்போது தைரியம் இல்லை. சிலேட்டைப் பரணில் போட்டுவிட்டு, அவர் சொன்னபடி உன்னை மெழுகுவர்த்தி ஊத வைத்தேன். உதட்டைச் சுற்றித் தேன் தடவி நக்க வைத்தேன். வருடக்கணக்கில் ஊதினாய். நம் வீட்டில் கரண்ட் போகும் நேரத்திலும் மெழுகுவர்த்தியைக் கண்டால் கடமை தவறாமல் ஊதி அணைத்தாய். பேச்சு வரவில்லை.

டாக்டர் முடித்த இடத்தில் அக்கம்பக்கம் ஆரம்பித்தது. நாக்கில் வசம்பு தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தேன். ஒரு மைதானத்தில் சுகமளிக்கும் கூட்டம் நடந்தது. அங்கேயும் தூக்கிப் போனேன். பிரசங்கியார் மைக்கை உன் வாயருகே வைத்து “பேசு!” என்று அதட்டினார். நீ பயந்து வீறிட்டாய். ஸ்பீக்கரில் அது மைதானம் முழுக்கக் கேட்டது. கூட்டம் அல்லேலூயா என்று எழுந்து நின்றது. மறுவாரம் அற்புதம் நடந்ததாகச் சொன்ன சாட்சிகளில் உன் கதையும் வந்ததாகக் கேள்விப்பட்டேன். அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் என்று பல வருடம் கழித்து நான் கேட்டபோது, பலகையில் நிதானமாகக் காட்டினாய்: ‘அவர் வாய் நாத்தம்.’

பள்ளிக்கூடம் அதைவிடச் சுருக்கமாக முடிந்தது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தலைமையாசிரியை உன்னைப் பார்த்துக் கண்கலங்கி, உள்ளபடியே வருத்தப்பட்டு, “வாய்ப்பாடு எப்படிம்மா ஒப்பிப்பான்?” என்று கேட்டார். மனதுக்குள் பெருக்கிக்கொள்வான் என்றேன். “மனசுக்குள்ள பெருக்கினா எனக்கு எப்படித் தெரியும்? இன்ஸ்பெக்டருக்கு எப்படித் தெரியும்?” நியாயமான கேள்வி. நம் ஊரில் கல்வி என்பது சத்தம்தான். வகுப்பைக் கடந்து போகிற எவருக்கும் அது கேட்க வேண்டும்.

பிறகுதான் பட்டணத்தில் உன்னைப் போன்ற பிள்ளைகளுக்கான அந்தப் பள்ளி கிடைத்தது. தினமும் காலையில் எலெக்ட்ரிக் ட்ரெயினில் அப்பா உன்னை மடியில் வைத்துக்கொண்டு போவார். ஒவ்வொரு ஸ்டேஷன் வந்ததும் பெயரைச் சத்தமாகச் சொல்வார். நீ மஞ்சள் பலகையைப் பார்ப்பாய். குரோம்பேட்டை, பல்லாவரம், மீனம்பாக்கம் என்று நீ எழுத்துக் கற்றுக்கொண்டது அங்கேதான், பள்ளியில் இல்லை. பள்ளியில் உனக்கு ஒரு படப் பலகை கொடுத்தார்கள். வெளிநாட்டுப் புண்ணியவான்கள் அனுப்பியது. சாப்பாடு என்பதற்கு ரொட்டியும் முள்கரண்டியும். தூக்கம் என்பதற்குப் போர்வைக்குள் ஒரு வெள்ளைக்காரக் குழந்தை. கும்பிட்ட கைகள் நன்றிக்கு. தண்ணீர், கக்கூஸ், கடவுள், பந்து எல்லாம் இருந்தன. வேண்டாம் என்பதற்குப் படம் இல்லையா என்று டீச்சரிடம் கேட்டேன். “நாங்க பசங்களை நல்லதை மட்டும் சொல்லப் பழக்குறோம்மா” என்றார். ஆக, உனக்கு நன்றி சொல்ல வழி இருந்தது, மறுக்க வழி இல்லை. சோறு வேண்டாம் என்றால் நீ துப்பினாய். துப்பினால் முதுகில் ஒன்று விழும். உன் ரிப்போர்ட்டில் ‘நடத்தை சரியில்லை’ என்று எழுதினார்கள். கும்பிட்ட கைகளை எத்தனை முறை தொட்டாய் என்பது அதில் இல்லை.

நான் தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்த காலம் அது. எங்கள் போர்டு முழுக்கத் துளைகள். அழைத்தவருடைய துளையில் ஒரு வயர், கேட்ட ஊருடைய துளையில் ஒரு வயர். இரண்டையும் செருகினால் பேச்சு ஓடும். ஒரு மதியம் திருச்சிக்கு லைன் கிடைக்காமல் இரண்டு வயரையும் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தபோது தமிழும் அப்படித்தான் என்று தோன்றியது. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் எழுதினால் பலகை கட்டில் அளவுக்கு வேண்டும். உன் முட்டி ஒரு கட்டத்திலும் உருப்படியாக விழாது. மெய் பதினெட்டு, உயிர் பன்னிரண்டு போதும். க் தொட்டு ஆ தொட்டால் கா. இரண்டு துளை, ஒரு இணைப்பு. ஆய்தத்தை விட்டுவிட்டேன்; அது இல்லாமல் நான் இதுவரை நன்றாகத்தான் வாழ்ந்திருக்கிறேன். மூலையில் ‘ஆமாம்’ என்று ஒரு கட்டம், ‘வேண்டாம்’ என்று ஒரு கட்டம். ஒரு பிளைவுட் துண்டை எடுத்துக்கொண்டு மேற்குத் தாம்பரத்தில் வண்டிக்கு நம்பர் பிளேட் எழுதுகிற சலீம் பாய் கடைக்குப் போனேன்.

“இன்னாம்மா, வண்டி எங்க கீது?” என்றார்.

“வண்டி இல்ல பாய். இந்தப் பேப்பர்ல இருக்கிற எழுத்தை அப்படியே எழுதணும்.”

வாங்கிப் பார்த்தார். “நம்பரே இல்லியேம்மா இதுல. போலீஸ் புட்ச்சா இன்னா சொல்லுவே?”

விஷயத்தைச் சொன்னேன். உச்சுக் கொட்டிவிட்டு அழகாகவே எழுதினார். கடைசியில் கொஞ்சம் இடம் மிஞ்சியதாம். இடம் காலியாக இருப்பது அந்தத் தொழிலில் பொறுக்காது போலிருக்கிறது. நான் கேட்காமலே ‘நன்றி மீண்டும் வருக’ என்று ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தார். அழிக்கச் சொல்ல மனம் வரவில்லை. பின்னாட்களில் உன் பெரியப்பா வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசும்போது நீ அந்தக் கட்டத்தை டொக் டொக்கென்று இடிப்பாய். “பையன் என்னா மரியாதை!” என்று அவர் இன்னும் ஒரு காபி கேட்பார்.

பலகை வந்த முதல் நாள் உன் அப்பா ஆபீஸ் நண்பரிடம் கேமரா இரவல் வாங்கி வந்தார். நீ ‘அம்மா’ என்று காட்டுவாய், படம் பிடிக்கலாம் என்பது திட்டம். எனக்கும் அந்த ஆசை இருந்ததால் புடவை மாற்றிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். நீ வெகுநேரம் பலகையைப் பார்த்தாய். பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டாய்: ‘குளிருது.’ நம் மூவர் தலைக்குமேல் ஃபேன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. உனக்கு வியர்க்கிறது, அதனால்தான் தூக்கத்தில் அழுகிறாய் என்று நான் கண்டுபிடித்து, நீ பிறந்த நாளிலிருந்து அதை முழு வேகத்தில் வைத்திருந்தேன். அழுகைக்கு மருந்துகூட வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அப்பா எழுந்து போய் ஃபேனை நிறுத்தினார். படம் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடி நடந்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய். பேசத் தொடங்கிய பிள்ளைகள் எதிர்த்தும் பேசும். ஒருநாள் நீ என்னிடம் ஏதோ காட்டியதற்குப் பலகையைப் பிடுங்கி பீரோ மேல் வைத்துவிட்டேன். மறுநாள் காலைவரை அங்கேயே இருந்தது. ஒரு பிள்ளையின் வாயில் துணி அடைத்தால் அதைக் கொடுமை என்பார்கள். பலகையை பீரோ மேல் வைத்தால் அதற்குக் கண்டிப்பு என்று பெயர். ரூபி நல்ல பெண். ஆனால் அவளும் மனுஷிதான், அவளுக்கும் கோபம் வரும், உங்கள் அறையிலும் பரண் இருக்கிறது. பலகை எப்போதும் உன் மடியில் அல்லது உன் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடு. சண்டையின் நடுவில் சொல்ல முடியாது. அப்போது பலகை உன்னிடம் இருக்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதற்கு வருத்தம் தெரிவிப்பேன் என்று எதிர்பார்க்காதே. வெளியூருக்குப் பேசும் ட்ரங்க் கால் லைன் மோசமாக இருந்தால், ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமல் போனால், நடுவில் இருக்கும் ஆபரேட்டர்தான் கேட்டுச் சொல்வாள். இந்தப் பக்கம் “அந்த நாய்கிட்ட சொல்லு, பணம் அனுப்பலைன்னா நேர்ல வருவேன்னு” என்பார்கள். அந்தப் பக்கம் நான் “நேர்ல வராங்களாம் சார், பணம் விஷயமா” என்பேன். வசவைக் கடத்துவதில்லை என்பது எங்கள் வழக்கம். எத்தனையோ குடும்பங்கள் அதனால் இன்னும் ஒன்றாக இருக்கின்றன. அதையேதான் உனக்கும் செய்தேன். பலகை வந்தபின் ஒருமுறை அந்தப் பட்டணத்து டாக்டரிடம் மறுபடி போனபோது நீ ‘இவருக்கு ஒன்றும் தெரியவில்லை’ என்று காட்டினாய்; நான் “டாக்டர் நல்லாப் பாக்கறாருன்னு சொல்றான்” என்று படித்தேன். கண்ணெதிரே உன் வாக்கியம் வேறொன்றாக மாறுவதைப் பார்த்து நீ உறுமினாய். “சந்தோஷப்படறான்” என்று அதையும் மொழிபெயர்த்தேன்.

உன் சித்தப்பா அமெரிக்காவிலிருந்து அனுப்பிய பேசும் மெஷினை நீ மறந்திருக்க மாட்டாய். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “பாடுமா?” என்றார். பேசும் என்றேன். பாடினால் ஒரு வரி, பேசினால் எந்த வரி என்று அவர்களுக்கே தெரியாததால் அது பல மாதம் அங்கேயே தங்கியது. வீட்டுக்கு வந்ததும் தெருவே திரண்டு வந்தது. நீ ஒரு பொத்தானை அமுக்கினால் தொண்டை கனத்த ஓர் அமெரிக்கர் தமக்குத் தாகமாக இருப்பதாக இங்கிலீஷில் சொன்னார். ஆளாளுக்கு ஓடிப்போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நீ பலகையில் தண்ணீர் கேட்டபோது முழுசாகப் படிக்காமல் எழுந்து போனவர்கள்தான் அத்தனை பேரும். பேட்டரி தீர்ந்தது. அந்த பேட்டரி இங்கே கிடைக்கவில்லை. அமெரிக்கர் இப்போது அலமாரியில் மௌனமாக இருக்கிறார். உன் பிளைவுட் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

பத்தாவது பரீட்சைக்குத் தனித்தேர்வராக விண்ணப்பித்தபோது அந்த அலுவலகத்தில் நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன், நம்ப மாட்டேன் என்பவர்களுக்காக. எழுதுவதற்கு ஒரு ஆளைக் கொடுக்கச் சம்மதித்தார்கள். பலகைக்குத்தான் அனுமதி இல்லை. “எழுத்து எழுதியிருக்கிற எந்தப் பொருளையும் ஹாலுக்குள்ள கொண்டு போகக்கூடாதும்மா. காப்பி அடிக்க உதவும்” என்றார் அதிகாரி.

“இதுல வெறும் அ ஆ க் ச் தான் சார் இருக்கு.”

“அதை வெச்சுதானேம்மா எல்லாப் பதிலையும் எழுதுறாங்க?”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த வருடம் போயிற்று. அடுத்த வருடம் அவருக்கு மாற்றலாகி, புதிதாக வந்தவர் விதியைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார். நீ பரீட்சை எழுதித் தேறினாய். உனக்குத் திறந்த கதவுகளில் பாதி இப்படித் திறந்தவைதான். போராடித் திறந்தோம் என்று மேடையில் சொல்லலாம். பூட்டினவருக்கு மாற்றலானது என்பதுதான் உண்மை.

எஸ்.டி.டி. வந்து ஆபரேட்டர்கள் தேவையில்லை என்றானதும் என்னைப் புகார் பிரிவில் உட்கார வைத்தார்கள். அதே எஸ்.டி.டி.யால்தான் ஊனமுற்றவர்களுக்கு டெலிபோன் பூத் கொடுக்கிறார்கள் என்று தெரிந்து உனக்கும் விண்ணப்பித்தோம். நேர்காணலில் மூன்று பேர். “பேசவே முடியாத பையனுக்கு டெலிபோன் பூத்தா?” என்று நடுவில் இருந்தவர் கேட்டார், உன்னை அல்ல, என்னை. நீ காட்டினாய்: ‘பேசுவது கஸ்டமர். காசு வாங்குவது நான். இதுகூடத் தெரியாமல் உனக்கு எதற்குச் சம்பளம்?’ நான் முதல் இரண்டு வாக்கியங்களோடு நிறுத்திக்கொண்டேன். மூவரும் சிரித்தார்கள், பூத் கிடைத்தது. மூன்றாவது வாக்கியத்தையும் படித்திருந்தால் கிடைத்திருக்காது என்று நான் இன்றும் சொல்வேன். நீ இன்றும் ஒப்புக்கொள்ள மாட்டாய். அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் நீ ‘வேண்டாம்’ கட்டத்தை இடித்துக்கொண்டே வந்தாய். பூத் வேண்டாம் என்கிறாய் என்று நினைத்தேன். நான் படிப்பது வேண்டாம் என்கிறாய் என்று எனக்குப் புரிந்தது ரூபி வந்த பிறகுதான்.

அவள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குக் காலர் தைப்பவள். ஷிப்ட் முடிந்து ஊருக்குப் போன் பேச உன் பூத்துக்கு வருவாள். மற்றவர்கள் உன்னைச் செவிடு என்று நினைத்துக் கத்துவார்கள், அல்லது உன்னைச் சுவர் என்று நினைத்து உன் எதிரிலேயே குடும்ப ரகசியங்களைப் பேசுவார்கள். அவள் மீதிச் சில்லறையை வாங்கிக்கொண்டு எதிர் ஸ்டூலில் உட்காருவாளாம். நான் முதலில் பார்த்த அன்று நீ அவளுக்கு ஏதோ காட்டிக்கொண்டிருந்தாய். இரண்டு எழுத்து வந்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. “மழை வரும் போலிருக்கு, சீக்கிரம் போன்னு சொல்றான்மா” என்றேன். அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இருங்க அத்தை, அவர் இன்னும் முடிக்கல.” நீ முடித்தாய். ‘மழை வரட்டும், போகாதே’ என்று இருந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு தனியாக வீட்டுக்கு வந்தேன்.

இப்போது கமிட்டி. சபை முன்னால் மணமகன் வாயால் வாக்குக் கொடுக்க வேண்டும் என்பது முறை. வாய் பேச வராதவன் கல்யாணம் செல்லுமா என்பது அவர்கள் பிரச்சினை. செயலாளர் அரசாங்கத்தில் கண்காணிப்பாளராக இருந்தவர். கோப்பு எதையும் முடிக்காமல் வைத்திருக்கத் தெரிந்தவர். பாஸ்டர் நல்லவர், ஆகவே யாரையும் எதிர்த்துப் பேசமாட்டார். முதலில், மணமகனுடைய தாயார் பக்கத்தில் நின்று அவனுக்காக வாக்கைச் சொல்லலாம் என்று முடிவெடுத்தார்கள். நோயிலும் வறுமையிலும் ரூபியைக் காப்பாற்றுவதாகச் சபையறியச் சொல்லப்போவது நான். மணப்பதும் நான்தானா என்று யாரும் கேட்கவில்லை. நானும் ஓய்ந்துபோயிருந்தேன், சரி என்றேன். வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னபோது நீ ந் தொட்டு, ஈ தொட்டு, மூலைக்குப் போனாய். ‘நீ வேண்டாம்.’ எனக்கு இவ்வளவு சுருக்கமாக யாரும் எதையும் சொன்னதில்லை. நான் அதைத் திருத்தாமல், அப்படியே கமிட்டியில் போய்ப் படித்தேன்.

“சரி, அவனே காட்டட்டும், பாஸ்டர் கூடவே படிச்சுப் பார்க்கட்டும்” என்று ஒருவழியாக இறங்கி வந்தார்கள். உடனே செயலாளருக்கு ஒரு யோசனை வந்தது. “கை ரொம்ப ஆடுதே. ‘ஆமாம்’னு காட்டப் போய் ‘வேண்டாம்’ல பட்டுட்டா?”

“பட்டா மறுபடி சரியாக் காட்டுவான் சார்.”

“எதை எடுத்துக்கிறது? முதல்ல காட்டினதையா, ரெண்டாவதையா? சபைக்கு முன்னாடி ஒரு பொண்ணோட கதி என்ன ஆகறது? எதுக்கு ரிஸ்க்? அதை மட்டும் மூடிடுங்க. கல்யாண வீட்ல அந்த வார்த்தையே எதுக்கு?”

மற்றவர்கள் தலையாட்டினார்கள். பாஸ்டர் தரையைப் பார்த்தார். இப்படித்தான் தாளும் கோந்தும் நம் வீட்டுக்கு வந்தன. முள்கரண்டிப் பலகை கொடுத்த டீச்சரும் இதைத்தான் சொன்னார், என்ன, இவ்வளவு நல்ல தாளில் அல்ல.

இன்று காலை உன் பலகையைக் காணோம் என்று நீ போட்ட கூச்சல் தெருவுக்கே கேட்டதாம். மறுபடியும் பீரோ மேல் வைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய். நினைக்க உனக்கு உரிமை உண்டு. நான் சலீம் பாய் கடைக்குப் போயிருந்தேன். எழுத்தெல்லாம் தேய்ந்துபோயிருந்தது, ‘வேண்டாம்’ கட்டத்தில் பாதிதான் மிச்சம்.

“இன்னாம்மா, புள்ளைக்குக் கல்யாணமாமே!” என்றார் பாய். “எல்லாத்தியும் பளிச்னு எழுதிக் குட்த்துர்றேன். இந்த வாணாம்கிறது எதுக்கும்மா கல்யாணத்துல? அந்த எடத்துல ஒரு ரோஸ் பூ போட்டுர்றேன். பூவுக்குக் காசு வாணாம்.”

“பூ வேணாம் பாய். அதை மத்ததைவிடக் கொஞ்சம் பெரிசா எழுதுங்க.”

“உன்னாண்ட பேச முடியாதும்மா. இன்னா கலரு?”

“சிவப்பு.”

பலகை வராந்தாவில் காய்கிறது. தொட்டுப் பார்த்தேன், சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். நாளை நான் பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்காருவேன். நீ ரூபியின் பெயரில் முதல் எழுத்தைத் தொட்டதுமே முழு வாக்கியமும் என் வாயில் வந்து நிற்கும். விழுங்கிக்கொள்வேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்ப்பார், பின்வரிசையில் இருமுவார்கள், குழந்தைகள் அழும். அவசரப்படாதே. கடைசி எழுத்துவரை காட்டு. சர்ச் வாசலிலேயே அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டுச் செயலாளர் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தால், அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் அந்தக் கட்டத்திலேயே சிவப்பாக இருக்கிறது. தொட்டுக் காட்டிவிட்டு உள்ளே போ.

என் கல்யாணத்தில் என்னையும் கேட்டார்கள். இந்த ஆளைக் கணவனாக ஏற்றுக்கொள்கிறாயா என்று. நான் கணீரென்று, வாயால், முறைப்படி ஆம் என்றேன். உன் அப்பா நல்ல மனிதர், அதில் குறை இல்லை. ஆனால் அன்று வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. யாரோ எனக்கு முன்பே அந்தக் கட்டத்தை மூடியிருந்தார்கள். நாளைக்கு உன் முட்டி அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் ஆடி ஆடித்தான் ‘ஆமாம்’ கட்டத்துக்குப் போக வேண்டும். சபை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கட்டும். ரூபியும் பார்க்கட்டும்.

கோந்து பாட்டிலை உங்கள் சாமான்களோடு வைத்திருக்கிறேன். பூத்தில் ஏதாவது ஒட்ட உதவும். தாள் என்னவாயிற்று என்று செயலாளர் கேட்டால், இந்தக் கடைசிப் பக்கத்தை அவரிடம் காட்டு. மற்றப் பக்கங்களைவிடக் கெட்டியாக, நல்ல வெள்ளையாக இருக்கிறதல்லவா? அதுதான்.

அம்மா